சாலையோரத்துக்கு வந்த டாக்டர்: ஐடா ஸ்கடர்

வேப்பனப்பள்ளியில் ஒருவருக்கு இருதயக் கோளாறு, நரம்புக் கோளாறு என்றால் அடுத்த பேச்சு, பெங்களூரா வேலூரா என்பதுதான். அந்த வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர்.

1870-இல் ராணிப்பேட்டையில், அமெரிக்க மருத்துவ மிஷனரி குடும்பத்தில் பிறந்தார். டாக்டராகும் ஆசை அவருக்குத் துளியும் இல்லை. இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். டாக்டரான அப்பாவை அனுப்புவதாகச் சொன்னார். ஆண் மருத்துவர் கூடாது என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அதன்பிறகே அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் பெற்றார். 1902-இல் வேலூரில் பெண்களுக்கான ஷெல் மருத்துவமனை எழுந்தது.

ஆஸ்பத்திரி கட்டியாயிற்று, இனி வருகிறவர்கள் வரட்டும் என்று அவர் உட்காரவில்லை. முதலில் மாட்டுவண்டி, பிறகு மோட்டார் கார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். காரைக் கண்டு ஜனங்கள் முதலில் பயந்து ஓடினார்களாம்! பிறகு அதற்காகவே காத்திருந்தார்கள்.

ஒருத்தியால் எத்தனை கிராமம் பார்க்க முடியும்? 1909-இல் நர்ஸ் பயிற்சி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். முதலாண்டுத் தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். ஆண்களுக்கு இடம் கிடைத்தது 1947-இல்தான்.

1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். குடியாத்தம் பக்கத்துக் கே.வி.குப்பத்தில் சி.எம்.சி.யின் கிராமப்புற மருத்துவ மையம் 1977 முதல் நடக்கிறது.