முயல் நுரையீரலில் ஒரு ரகசியம்

காய்ச்சல்னா உடனே ஒரு பாராசிட்டமால் போடுறீங்கல்ல? அந்த மாத்திரை கடைக்கு வரக் காரணமான ஆய்வைச் செய்தவர்களில் ஒருத்தர் ஜூலியஸ் ஆக்செல்ராட். இது அவரோட கதை.

1912-ல் நியூயார்க்கில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்குக் கூடை முடையும் தொழில். மகனுக்கு டாக்டராகணும்னு ஆசை. விண்ணப்பித்த எந்த மருத்துவக் கல்லூரியும் எடுத்துக்கல. யூத மாணவர்களுக்கு அப்போ அங்கே கிடைச்ச இடங்களே கொஞ்சம்தான். 1933-ல் டிகிரி முடிச்சதும் லேப் உதவியாளர் வேலை. அடுத்து உணவில் சேர்க்கிற வைட்டமின்களைச் சோதிக்கிற வேலை, 11 வருஷம். அங்கே அம்மோனியா பாட்டில் வெடிச்சு இடது கண் போச்சு.

1946-ல் பெர்னார்ட் பிராடியிடம் சேர்ந்தார். அசிட்டனிலைடு என்ற பழைய வலி மாத்திரை, உடம்புக்குள் போய் பாராசிட்டமாலா மாறுது, வலியைக் குறைப்பதும் அதுதான்னு ரெண்டு பேரும் கண்டுபிடிச்சாங்க. பெரிய ஆய்வு, ஆனா பிஎச்டி இல்ல. பதவி உயர்வும் இல்ல. அதனால 1955-ல், 43 வயசில் பிஎச்டி வாங்கினார்.

இப்போ முயலுக்கு வருவோம். 1961-ல் முயலோட நுரையீரலில் ஒரு நொதியைக் கண்டார். அது செய்யும் வேலை சிம்பிள்: ஒரு மூலக்கூறிலிருந்து மெத்தில் குழுவை எடுத்து இன்னொன்றில் ஒட்டும். உணவில் இருக்கும் டிரிப்டோஃபேனிலிருந்து உடம்பு டிரிப்டமைன் செய்யுது. அதன் நைட்ரஜனில் ரெண்டு மெத்தில் ஒட்டினா டிஎம்டி! அமேசான் பழங்குடிகள் சடங்கில் குடிக்கும் அயஹுவாஸ்காவில் மாயக்காட்சிகளை வரவழைக்கிற அதே பொருள். செரோடோனினில் ஒட்டினா புஃபோடெனின், சில தேரைகளோட தோலில் இருப்பது.

அந்த நொதிக்கான மரபணு உங்ககிட்டயும் இருக்கு. அதுக்காக கனவெல்லாம் டிஎம்டியாலதான்னு யூடியூபில் சொன்னா நம்பிடாதீங்க, அது இன்னும் நிரூபணம் ஆகல.

1970-ல் வேறொரு கண்டுபிடிப்புக்காக, இன்னும் இருவரோடு நோபல் வாங்கினார். நரம்பு நுனி தான் வெளியிட்ட நோரட்ரினலினைத் தானே திரும்ப உறிஞ்சிக்குது என்பதே அது. மனச்சோர்வுக்கான பல மருந்துகள் வேலை செய்யும் விதம் இதிலிருந்துதான் புரிஞ்சது. 2004-ல் இறந்தார்.

பிளேஸ்மென்ட்டில் என்னோட நாலாவது ரிஜெக்ஷன் மெயில் வந்த ராத்திரி இதைப் படிச்சேன். மெயில் மாறல. ஆனா 21 வயசில் எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சது கொஞ்சம் ஓவர்னு தோணுச்சு. உங்களுக்கும் அப்படி ஒரு மெயில் வந்திருந்தா, அந்த 43-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க.