உத்தமபாளையம் தந்த முதல் மந்திரி

கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கும் ஊர் உத்தமபாளையம். முல்லையாற்றின் கரை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் தென்னந்தோப்பும். அவற்றுக்கு அப்பால் மலை. இந்த ஊரில் பிறந்த ஒருவர் சென்னை மாகாணத்துக்கே முதல் மந்திரியாக இருந்தார். அப்போது மாகாணம் இன்றையத் தமிழ்நாட்டைப் போல இல்லை. ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்த பெரிய பூமி.

அவர் பெயர் பொன்னம்பல தியாகராஜன். பி. டி. ராஜன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சர் பட்டம் பெற்றவர். தமிழவேள் என்றும் அழைக்கப்பட்டார். அவரைப் போற்றியவர்கள் பலர். தூற்றியவர்களும் குறைவில்லை. பணக்காரக் கட்சியின் தலைவர் என்றார்கள் சிலர். கோயில்களுக்கு வாழ்வு தந்த தர்மவான் என்றார்கள் சிலர். இரண்டு பேச்சுக்கும் அவர் வாழ்க்கையில் இடம் இருந்தது.

தண்ணீர் வந்த காலம்

ராஜன் பிறந்தது 1892ஆம் ஆண்டு. குடும்பம் பெரிய நிலச்சுவான்தார் குடும்பம். அவருக்கு மூன்று வயது இருக்கும்போது பள்ளத்தாக்கின் தலைவிதியே மாறியது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை பென்னிகுக் துரை அணை கட்டி மறித்தார். மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. வானம் பார்த்த பூமி இருபோகம் விளையும் வயலாயிற்று. பள்ளத்தாக்கில் இருபோக நிலம் மட்டும் 14,707 ஏக்கர் என்பது கணக்கு.

நிலம் விளைந்தது. நிலம் உடையவர்களுக்கு வசதியும் வளர்ந்தது. அந்த வசதி ராஜனைச் சீமைக்கு அனுப்பியது. கப்பல் ஏறிப் போய் கேம்பிரிட்ஜ் நகரில் லேஸ் பள்ளியில் படித்தார். பிறகு ஆக்ஸ்போர்டில் ஜீசஸ் கல்லூரி. சரித்திரமும் சட்டமும் அவர் பாடங்கள். உத்தமபாளையத்தில் பெரும்பாலோர் கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்த காலம் அது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

28 வயதில் சட்டசபை

திரும்பி வந்தவர் சிறிது காலம் வக்கீல் தொழில் செய்தார். அப்போது சென்னையில் ஒரு புதுக் கட்சி எழுந்திருந்தது. டாக்டர் டி. எம். நாயர், தியாகராயச் செட்டியார், டாக்டர் நடேச முதலியார் ஆகியோர் 1916ல் தொடங்கிய கட்சி. சர்க்கார் உத்தியோகங்களும் உயர்ந்த படிப்பும் பிராமணர்கள் கையிலேயே பெரும்பாலும் இருக்கின்றன, மற்றவர்களுக்கும் பங்கு வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ‘ஜஸ்டிஸ்’ என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகை நடத்தியதால் ஜஸ்டிஸ் கட்சி என்றே பெயர் நிலைத்தது. தமிழில் நீதிக் கட்சி. கொடியில் தராசு.

ராஜன் அதில் சேர்ந்தார். 1920 தேர்தலில் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 28. காங்கிரஸ் அந்தத் தேர்தலை பகிஷ்காரம் செய்திருந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. ஆனாலும் தொடர்ந்து 1937 வரை ராஜன் சட்டசபையில் இருந்தார் என்பது சாதாரண காரியம் அல்ல.

அந்த நாளில் ஆட்சி இரண்டு கூறாக இருந்தது. போலீஸ், நிலவரி, நீர்ப்பாசனம் போன்றவை கவர்னரின் கையில். விவசாயம், கல்வி, கூட்டுறவு, கைத்தொழில் போன்றவை மந்திரிகளின் கையில். இரட்டை ஆட்சி என்று இதைச் சொன்னார்கள். பாடு படுகிறவனுக்கு இந்தப் பாகப்பிரிவினை புரியவில்லை. வரி கூடினாலும் மந்திரியைத்தான் ஏசினான்.

மந்திரி பதவியும் வசைமொழியும்

1930ல் முனுசாமி நாயுடு தலைமையில் ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை அமைந்தது. ராஜன் அபிவிருத்தி மந்திரி ஆனார். இரண்டே ஆண்டில் கட்சிக்குள் பூசல் முற்றியது. நாயுடு ஜமீன்தார் அல்ல. கட்சியில் இருந்த ஜமீன்தார்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. பொப்பிலி ராஜா எழுந்தார். நாயுடுவின் மந்திரிசபையில் இருந்த ராஜனும் குமாரசாமி ரெட்டியாரும் பொப்பிலியின் பக்கம் நின்றார்கள். 1932 நவம்பரில் நாயுடு வீட்டுக்குப் போனார். பொப்பிலி முதல் மந்திரி. ராஜனும் ரெட்டியாரும் புதிய மந்திரிசபையிலும் மந்திரிகள். தலைவர் விழுந்தார், சகாக்கள் நிலைத்தார்கள். அந்தப் பேச்சு ராஜனை நெடுநாள் தொடர்ந்தது.

அதைவிடப் பெரிய வசை சம்பளத்தால் வந்தது. உலகம் முழுவதும் அப்போது பொருளாதார மந்தம். அமெரிக்காவில் பாங்குகள் மூடப்பட்டன. இங்கே நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. விளைந்த நெல்லை விற்று வரி கட்ட முடியாமல் குடியானவன் தவித்தான். அந்த நேரத்தில் சென்னை மந்திரி ஒருவருக்கு மாதச் சம்பளம் 4,333 ரூபாய். மத்திய மாகாணத்தில் மந்திரிகள் 2,250 ரூபாய்தான் வாங்கினார்கள். காங்கிரஸ்காரர்கள் இந்தக் கணக்கை ஊர் ஊராகச் சொன்னார்கள். இதற்கு ஜஸ்டிஸ் கட்சியால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்பவர் யார்? பசித்தவன் காதில் நியாயம் ஏறுமா?

ராஜன் ஒன்றும் செய்யாமல் சம்பளம் மட்டும் வாங்கினார் என்று சொல்லிவிடவும் முடியாது. அவர் அபிவிருத்தி மந்திரியாக இருந்த காலத்தில்தான் 1932ல் கூட்டுறவுச் சங்கச் சட்டமும், 1934ல் கூட்டுறவு நில அடமான பாங்குச் சட்டமும் வந்தன. கந்துவட்டியில் சிக்கிய விவசாயி நிலத்தை ஈடு காட்டி, நீண்ட தவணையில் கடன் பெற்று, பழைய கடனை அடைக்கலாம். லேவாதேவிக்காரரிடம் நிலம் போகாமல் தப்பும். ஆனால் நிலமே இல்லாத கூலிக்காரனுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஓட்டும் அவனுக்கு இல்லை.

1936ல் பொப்பிலி ராஜா விடுப்பில் போனார். ஏப்ரல் 4ந் தேதி ராஜன் முதல் மந்திரி பொறுப்பை ஏற்றார். ஆகஸ்டு 24ந் தேதி வரை அவரே முதல் மந்திரி. ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை.

அடுத்த ஆண்டு தேர்தல். காங்கிரஸ் அலை அடித்தது. சட்டசபையின் 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் பிடித்தது. பொப்பிலி ராஜா தம் சொந்தச் சீமையிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். ராஜனின் 17 ஆண்டுச் சட்டசபை வாழ்வும் அத்தோடு முறிந்தது. ராஜாஜி முதல் மந்திரியானார். காங்கிரஸ் மந்திரிகள் மாதம் 500 ரூபாய் சம்பளம் பெற்றார்கள். ஜனங்கள் இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

பெரியாரோடு பிளவு

தோற்ற கட்சியைத் தூக்கி நிறுத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்றிருந்த ஈ. வெ. ராமசாமிப் பெரியாரை 1938 டிசம்பரில் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியார் வந்ததும் கட்சியின் முகம் மாறியது. மாளிகைகளில் கூடிய கட்சி தெருவுக்கு வந்தது. பழைய பிரமுகர்களுக்கு இது ஒத்துவரவில்லை.

1944 ஆகஸ்டு 27ந் தேதி சேலத்தில் மாநாடு. கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என்று மாறியது. வெள்ளைக்கார சர்க்கார் கொடுத்த சர், ராவ் பகதூர் போன்ற பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று அண்ணாதுரையின் பெயரால் வந்த தீர்மானம் நிறைவேறியது. ராஜன் உடன்படவில்லை. பட்டத்தை விட மனம் இல்லாதவர் என்று ஏளனம் செய்தார்கள். ஆனால் சண்டை பட்டத்தோடு நிற்கவில்லை. பெரியார் கடவுள் இல்லை என்பவர். ராஜன் திருநீறு அணிகிறவர். தேர்தலே வேண்டாம் என்பது பெரியாரின் வழி. சட்டசபைதான் வழி என்பது ராஜனின் எண்ணம். பெயர் மாறாத பழைய ஜஸ்டிஸ் கட்சியை ஒரு சிறு கூட்டத்தார் தனியே நடத்தினார்கள். பி. ராமச்சந்திர ரெட்டிக்குப் பிறகு அதற்கு ராஜனே தலைவர்.

தேனி மாவட்டத்தில் இன்று இரண்டு கால்வாய்கள் உண்டு. ஒன்றுக்குப் பி. டி. ராஜன் பெயர். மற்றொன்றுக்குத் தந்தை பெரியார் பெயர். இரண்டும் பெரியாற்றுத் தண்ணீரைத்தான் கொண்டு போகின்றன. இரண்டையும் சேர்த்தே திறப்பதும் வழக்கம். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பாயும் அந்தத் தண்ணீருக்கு 1944 சண்டை தெரியாது!

கம்பத்தில் ஒரே வெற்றி

1952ல் முதல் பொதுத் தேர்தல். சொத்து உண்டா, வரி உண்டா என்ற கேள்வி இல்லை. வயது வந்த ஆண், பெண் அனைவருக்கும் ஓட்டு. ஒரு காலத்தில் மாகாணத்தையே ஆண்ட ஜஸ்டிஸ் கட்சி, ஒன்பது இடங்களில் மட்டும் ஆள் நிறுத்தியது. எட்டில் தோல்வி. ஒன்றில் வெற்றி. வென்றவர் ராஜன். தொகுதி கம்பம்.

நாட்டில் ஜஸ்டிஸ் கட்சி என்றால் சிரித்த காலம் அது. மாளிகைக் கட்சி என்ற பெயர் பெற்ற கட்சிக்கு, கூலி வேலை செய்யும் பெண்களும் முதல் முறையாக ஓட்டுப் போட்ட தேர்தலில் கம்பத்து ஜனங்கள் ஓர் இடம் கொடுத்தார்கள். அது கட்சிக்கு விழுந்த ஓட்டு அல்ல, உத்தமபாளையத்து மனிதருக்கு விழுந்த ஓட்டு என்று கொள்வதே பொருத்தம். 1957 தேர்தலோடு சட்டசபையில் அவர் காலம் முடிந்தது. கட்சியும் அவரோடு அரசியல் மேடையை விட்டு இறங்கியது.

மலை மேல் ஒரு விக்கிரகம்

1950ல் சபரிமலைக் கோயில் தீக்கு இரையானது. மூல விக்கிரகமும் சிதைந்தது. புதிதாகப் பஞ்சலோக ஐயப்பன் விக்கிரகம் செய்யும் பொறுப்பை ராஜன் ஏற்றார். மலைக்குப் போகுமுன் அந்த விக்கிரகம் தமிழ்நாட்டின் ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டது. இந்தத் திருப்பணியில் நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கமும் அவருக்குத் துணை நின்றார். 1951ல் விக்கிரகம் பிரதிஷ்டை ஆனது. அந்நாளில் தமிழ்நாட்டில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் மிகக் கொஞ்சம். இன்று கார்த்திகை பிறந்தால் கம்பம், கூடலூர், குமுளிச் சாலையில் கறுப்பும் நீலமும் உடுத்தியவர்களைத்தான் பார்க்க முடிகிறது.

இரண்டு ஆண்டு கழித்து, 1953ல், பெரியார் பிள்ளையார் சிலையை உடைக்கும் கிளர்ச்சி நடத்தினார். ஒரே கட்சியில் இருந்த இருவர் எவ்வளவு தூரம் விலகிப் போனார்கள் என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம். பகுத்தறிவுக்காரர்கள் ராஜனைக் கோயில் பக்தர் என்று ஒதுக்கினார்கள். காங்கிரஸ்காரர்கள் வெள்ளைக்காரனின் சர் என்று ஒதுக்கினார்கள். அவர் இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

மதுரை மீனாட்சி அம்மன் கோயில் திருப்பணிக் குழுவுக்கும் அவர் தலைமை தாங்கினார். நான்கு மாட வீதிகளும் நிரம்பி வழிய 1963 ஆகஸ்டு 28ந் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 71. மதுரைக்காரர்களில் பலர் அவரை முதல் மந்திரியாக அல்ல, அந்தக் கும்பாபிஷேகத்தை வைத்தே நினைவு கூர்ந்தார்கள்.

1974 செப்டம்பர் 25ந் தேதி பி. டி. ராஜன் காலமானார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1967ல், பெரியாரின் பாசறையிலிருந்து பிரிந்த அண்ணாதுரையின் தி.மு.க. கோட்டையில் ஏறிவிட்டது. ராஜனின் மகன் பழனிவேல் ராஜன் அந்தக் கட்சியிலேயே சேர்ந்தார். 1996 முதல் 2001 வரை சட்டசபையின் சபாநாயகராக இருந்தார். 2006 மே மாதம் அறநிலையத் துறை அமைச்சராகப் பதவி ஏற்றார். கோயில்களைப் பார்க்கும் அந்தப் பொறுப்பில் சில நாட்களே இருந்தார். அதே மாதத்தில் இறந்துபோனார்.