இராமானுஜனின் நற்சான்று

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாற்றைப் படிக்குந்தோறும், அவர் கண்ட தேற்றங்களிலும் பார்க்க அவர் வேலை தேடி அலைந்த நாட்களே என் நெஞ்சைத் தொடுகின்றன.

1887இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதமொன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையாற் கல்லூரித் தேர்வில் தவறினார். 1909இல் மணமாயிற்று, உத்தியோகமோ வாய்க்கவில்லை. பட்டமில்லாத அவர் கையிலிருந்த நற்சான்று, தம் கண்டுபிடிப்புக்களை எழுதிவைத்த குறிப்பேடுகள் மாத்திரமே.

1910இல் அவற்றைச் சுமந்துகொண்டு திருக்கோவலூர் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசுவாமி ஐயர் அங்கே அரசாங்க அதிகாரியாக இருந்தார். அவரிடம் இராமானுஜன் வேண்டியது தாலுகா அலுவலகத்தில் ஒரு சிறு வேலை. ஏடுகளைப் புரட்டிய ஐயர், அவ்வேலை அந்த மேதையை அழித்துவிடுமென அஞ்சினார். சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதங் கொடுத்தனுப்பினார். ஒருவர் மற்றொருவரிடம் ஆற்றுப்படுத்த, நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் மாதாந்த உதவி கிடைத்தது.

பிறர் பொருளில் நெடுநாள் வாழ அவர் விரும்பவில்லை. 1912இற் சென்னைத் துறைமுக அலுவலகத்துக்கு விண்ணப்பித்தபோது, படிப்பு இடையில் நின்றதை அவர் மறைக்கவில்லை; கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ற் சிபார்சு செய்தார். மார்ச் 1ஆந் திகதி, 30 ரூபா மாதச் சம்பளத்தில் இலிகிதரானார். மறுவருடம் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோதும், தம்மை அந்த இலிகிதராகவே அறிமுகஞ் செய்து, தேற்றங்களைப் பேசவிட்டார். 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

சிபார்சு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் முகஞ்சுளிக்கிறோம். இராமானுஜனுக்காகப் பேசியவர்களோ முதலில் அவருடைய ஏடுகளைப் பார்த்தவர்கள். என்னிடம் நற்சாட்சிப் பத்திரம் கேட்டு வரும் மாணவரிடம், அவர்களுடைய குறிப்பேட்டையே நானும் முதலிற் கேட்கிறேன்.