ஆசனம் துறந்த அம்மையார்

பதவியால் பெருமை பெற்றோர் பலர். பதவிக்குப் பெருமை சேர்த்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

புதுக்கோட்டையில் 1886 சூலை 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். அன்னையார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இப்பெண்ணைச் சேர்த்தலாகாது என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடமளித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும் என்பதையே நிபந்தனையாக வைத்தார்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டசபை, 1921இல் மகளிர்க்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. உறுப்பினராகும் உரிமையோ 1926இல்தான் கிட்டியது. அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா சிறு வேறுபாட்டில் தோல்வியுற்றார். அம்மையார் நியமன உறுப்பினராகச் சபை புகுந்தார். 1927இல் உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தனர். பிரித்தானிய இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர், அச்சபைத் தலைமை ஆசனத்தில் அமரும் உரிமையும் பெற்றார்.

அவ்வாசனத்தை அவர் அணியாகக் கொள்ளவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கை ஒழிக்க வேண்டுமெனத் தீர்மானம் கொணர்ந்தார். மரபு அழியும் என்றார் சிலர். கலை அழியும் என்றார் சிலர். தேவதாசியர் பலரே தம் வாழ்வாதாரம் போகுமென அஞ்சி விண்ணப்பங்கள் விடுத்தனர். தாய்வழிச் சுற்றத்தாரின் அச்சம் அம்மையார் அறியாததன்று. ஆதலின் முதலில் அவர்தம் நிலத்திற்கு வழி செய்தார். கோயிற்பணிக்கென விடப்பட்ட மானிய நிலங்களை, பணிக்கட்டாயம் நீக்கி அம்மகளிர்க்கே உரிமையாக்கும் திருத்தச் சட்டம் 1929இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவை 1930இல் முன்வைத்தார்.

அவ்வாண்டு மே மாதத்தில் காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டார். அம்மையார்முன் இரு கடமைகள் எதிரெதிரே நின்றன. சபையில் நீடித்தால் தம் வாழ்நாள் இலட்சியமாகிய மசோதாவை முன்னின்று நடத்தலாம். நீடித்தலோ, தேசத்தலைவரைச் சிறையிட்ட அரசின் நியமனத்தைத் தாங்கியிருத்தலாகும். அவர் பதவி துறந்தார். அதன் விலை சிறிதன்று. அவர் விட்டுச்சென்ற மசோதாவின் நோக்கம் முழுச்சட்டமாக நிறைவேற 1947 வரை, பதினேழு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அக்காலமெல்லாம் அவர் வாளாவிருந்தாரல்லர். ஒதுக்கப்பட்ட சிறுமியர்க்குப் புகலிடமாக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 சூலை 22ஆம் நாள் மறைந்தார்.

ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளே அவர் சபையில் இருந்தார். ஆயினும், ஆசனத்தில் அமர்ந்திருந்து செய்ய வேண்டியது எது, அதை விட்டெழுந்து செய்ய வேண்டியது எது என்னும் தெளிவை அவ்வாழ்வு வருவோர்க்கு விட்டுச் சென்றுள்ளது.