அத்தையின் யானை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டதும், விடுதி நாட்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதை எப்படியும் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். ஆகவே, நூறு வருஷங்களுக்கு முன்பே மறைந்துவிட்ட ஓர் அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். நம் வீட்டுப் பேரப்பிள்ளைகள் கட்டிக்கொண்டு தூங்கும் கரடி பொம்மை இருக்கிறதே, அதற்கு ஓர் அத்தை உண்டு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். சக்கர நாற்காலியிலேயே வாழ்நாளைக் கழித்தவர். பெயர் மார்கரேட் ஸ்டைஃப்.

ஜெர்மனியின் தென்பகுதியில், பிரென்ஸ் ஆற்றங்கரையில் கீங்கன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1847 ஜூலை 24-ல் ஒரு கட்டட மேஸ்திரியின் வீட்டில் பிறந்தார். இரண்டு அக்காமார், ஒரு தம்பி. ஒன்றரை வயதில் கடும் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கியபோது கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. வலது கையிலும் வலுவில்லை. இளம்பிள்ளைவாதம் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒன்பது வயதில் வெளியூருக்கு அழைத்துப் போய் வைத்தியம் பார்த்தார்கள். பலன் இல்லை.

அதற்காகப் பெண் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. அக்காமாரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கைவண்டியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போவார்கள். வாசலில் இருந்து வகுப்புக்கு ஒருவர் தூக்கிக்கொண்டு போய் விடுவார். இதைப் படித்தபோது எங்கள் செட் நண்பர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். மாடி லேபுக்கு அவரை நாங்கள் இரண்டு பேர் கைகோத்துத் தூக்கிப் போவோம். அவர் ஒருநாளும் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் லேப் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார். காரணம் எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

மார்கரேட்டைத் தையல் பள்ளிக்கு அனுப்ப அப்பாவுக்கு நம்பிக்கையே இல்லை. கை வராத பெண்ணுக்குத் தையலா என்று நினைத்திருப்பார். பிடிவாதமாகப் போய், பதினேழு வயதில் படித்து முடித்தார். பிறகு அக்காமாரோடு சேர்ந்து துணி தைத்தார். ஸிதர் என்ற நரம்பு வாத்தியம் சொல்லிக்கொடுத்தும் சம்பாதித்தார். தையல் மிஷின் வாங்கியபோது ஒரு சிக்கல். சக்கரம் வலதுகைப் பக்கம். அந்தக் கையில்தான் பலமில்லை. என்ன செய்தார் தெரியுமா? மிஷினையே திருப்பிப் போட்டுக்கொண்டு இடதுகையால் சுற்றினார். அவ்வளவுதான் விஷயம்!

அவர்கள் உறவிலேயே ஒருவருக்கு ஃபெல்ட் ஆலை இருந்தது. நெய்யாமல், கம்பளி ரோமத்தை அழுத்தியே செய்கிற துணிக்குத்தான் ஃபெல்ட் என்று பெயர். அந்தத் துணியில் பாவாடைகள் தைத்து விற்க 1877-ல் சொந்தக் கடை போட்டார். இரண்டு வருஷம் கழித்து, ஒரு மகளிர் பத்திரிகையில் வந்திருந்த மாதிரியைப் பார்த்து, ஊசி குத்தி வைக்க ஒரு குட்டி யானை தைத்தார். உள்ளே ஆட்டு ரோமம் அடைத்தது. தையல்காரிகளுக்கென்று செய்ததைக் குழந்தைகள் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மரப் பொம்மையும் பீங்கான் பொம்மையும் கண்ட பிள்ளைகளுக்கு, மெத்தென்று கட்டிப்பிடிக்க ஒரு பொம்மை! தம்பி ஃப்ரிட்ஸ் அவற்றைப் பக்கத்து ஊர்ச் சந்தைக்கு எடுத்துப்போய் விற்றுவந்தார். 1886-ல் மட்டும் விற்ற யானைகள் ஐயாயிரத்துக்கு மேல். குரங்கு, கழுதை, ஒட்டகம் எல்லாம் பின்னாலேயே வந்தன. 1893-ல் பொம்மைத் தொழிற்சாலை அவர் பெயரிலேயே பதிவானது.

ஃப்ரிட்ஸுக்கு ஆறு மகன்கள். ஒவ்வொருவராக அத்தையின் தொழிலுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ரிச்சர்ட் படம் வரையப் படித்தவர். மிருகக்காட்சி சாலையில் மணிக்கணக்கில் நின்று கரடிகளை வரைவாராம். 1902-ல் கை, கால், தலை எல்லாம் அசையும் கரடி பொம்மை ஒன்றை அவர் செய்துகாட்டினார். அத்தைக்கு அது பிடிபடவில்லை. விலை கூடுதல், உருவமும் பெரிது, யார் வாங்குவார்கள் என்ற சந்தேகம். நியாயமான சந்தேகந்தான், கணக்குப் பார்க்கத் தெரிந்த யாருக்கும் வரும். ஆனால் முட்டுக்கட்டை போடவில்லை. 1903-ல் லைப்சிக் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்ததாகச் சொல்வார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரால் அது டெடி ஆயிற்று. அதே சமயத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் மிச்டம் என்பவரின் குடும்பமும் டெடி கரடி தைத்துக்கொண்டிருந்தது. முதல் டெடி யாருடையது என்ற வழக்கு இருக்கட்டும். 1907-ல் கீங்கனில் செய்த கரடிகள் மட்டும் 9,74,000.

எனக்கு இந்தக் கதையில் கரடியைவிடக் கட்டடந்தான் மனசில் நிற்கிறது. 1903-ல் அவர்கள் எழுப்பிய தொழிற்சாலைக்கு இரும்புச் சட்டமும் கண்ணாடியும்தான் சுவர். தைக்கிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டுமே! வேலை செய்யும் பெண்கள் வெளியே தெரிவதால், ஊரார் அதைக் கன்னிப்பெண்களின் மீன்தொட்டி என்று கேலி செய்தார்கள். இன்றும் நிற்கிறது. அத்தையின் நாற்காலி போய்வரச் சாய்தளமும் உண்டு. முதலாளியம்மா என்பதால் கட்டினார்கள் என்று சொல்லலாம். சரி, முதலாளியாக இல்லாதவர்களுக்கு? போன வாரம் அந்த நண்பர் தொலைபேசியில் கேட்டது, இந்த ஆண்டுக் கூட்டம் மாடியிலா கீழேயா என்பது மட்டுந்தான். சங்கத்தார் எனக்குப் பதில் சொன்னால் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

மார்கரேட் கடைசிவரை புது மாதிரிகளைத் தன் கையால் தொட்டுப் பார்த்தே விற்பனைக்கு விட்டார். 1906-ல் தொழிலைக் கம்பெனியாக்கி, நிர்வாகத்தைத் தம்பி மகன்களிடம் ஒப்படைத்தார். 1909 மே 9-ல், 61 வயதில், நுரையீரல் அழற்சியால் காலமானார்.

போலிகள் பெருகியபோது, அசல் பொம்மையின் காதில் ஓர் உலோகப் பொத்தான் பதிப்பது என்று 1904-ல் ஃப்ரான்ஸ் என்ற தம்பி மகன் யோசனை சொன்னார். அப்போது கரடிக்கு மவுசு ஏறிக்கொண்டிருந்த நேரம். இருந்தும் அந்த முதல் பொத்தானில் இருந்தது கரடி இல்லை. தும்பிக்கை தூக்கிய ஒரு சின்ன யானை.