ஒரு மணி நேரச் சுதந்திரம்

கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்தபோது, ஆங்கில இலக்கிய வகுப்பில் ஒரு சிறுகதையைப் படித்தேன். ரயில் விபத்தில் கணவர் இறந்துவிட்டதாக, இதய நோயாளியான லூயிஸ் மல்லார்ட் என்ற பெண்ணுக்குச் செய்தி வருகிறது. கதறி அழுகிறாள். பிறகு அறைக்குள் தனியாக அமர்ந்து சன்னல் வழியே பார்க்கிறாள். இனி தன் வாழ்நாள் தனக்கே சொந்தம் என்ற எண்ணம் மெல்ல எழுகிறது, மனம் பூரிக்கிறது. ஆனால், கணவர் உயிரோடு வீடு திரும்புகிறார். அவரைக் கண்டதும் அவள் உயிர் பிரிகிறது. மகிழ்ச்சி தாங்காமல் இறந்தாள் என்கிறார்கள் மருத்துவர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அன்பான கணவரின் மரணத்தில் மகிழ்பவள் கல்நெஞ்சக்காரி என்று கட்டுரையில் எழுதினேன். விரிவுரையாளர் மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்தார். எழுதியவரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு மீண்டும் எழுதச் சொன்னார். நூலகத்துக்குப் போனேன்.

அந்த எழுத்தாளர் கேட் ஷோபின். 1850இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். 1855இல், புதிய ரயில் பாதையின் தொடக்கப் பயணத்தில் பாலம் இடிந்து அவருடைய தந்தை இறந்தார். கதையில் வரும் ரயில் விபத்து எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதன்பின் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என விதவைகள் நிறைந்த வீட்டில் வளர்ந்தார். பெண்கள் தாங்களே முடிவெடுத்து வாழ்வதைச் சிறு வயதிலேயே கண்டார்.

1870இல் ஆஸ்கார் ஷோபினை மணந்து லூசியானா மாநிலத்துக்குச் சென்றார். ஆறு பிள்ளைகள். 1882இல் கணவர் காய்ச்சலில் இறந்தார், மிஞ்சியது பெருங்கடன். 32 வயது கேட், கணவரின் கடையை ஓராண்டுக்கு மேல் தாமே நடத்திக் கடனை அடைக்கப் பாடுபட்டார். பிறகு தாய்வீடு திரும்பினார். அடுத்த ஆண்டே தாயும் மறைந்தார். துயரத்தில் இருந்தவரை எழுதும்படி ஊக்கப்படுத்தியவர் குடும்ப நண்பரான ஒரு மருத்துவர்.

நான் படித்த கதை 1894இல் ‘வோக்’ இதழில் வெளிவந்தது. 1899இல் வந்த ‘தி அவேக்கனிங்’ நாவலும் திருமணத்துக்குள் தன்னைத் தேடும் பெண்ணைப் பற்றியதே. விமர்சகர்கள் கடுமையாகச் சாடினர். அடுத்த சிறுகதைத் தொகுப்பைப் பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். 1904இல் கேட் இறந்தார். பல ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்த அவருடைய படைப்புகள், 1969இல் முழுத் தொகுப்பாக வெளிவந்த பிறகே பரவலாகப் பேசப்பட்டன.

ஒன்று என்னை யோசிக்க வைத்தது. கேட்டின் கணவர் கொடியவர் அல்லர். மனைவியின் போக்குக்கு இடம் கொடுத்தவர். கதையின் கணவரும் அன்பானவர்தான். கெட்ட கணவரிடமிருந்து தப்பும் கதையாக இருந்தால் எழுதுவது எளிது. அன்போடு என்றாலும், ஒருவர் மற்றவரின் வாழ்க்கையைத் தம் விருப்பப்படி வளைக்கலாமா என்றல்லவா இவர் கேட்கிறார்! அந்தக் காலத்தில் மணமான பெண்ணுக்குச் சட்டத்திலும் பல உரிமைகள் இல்லை.

கட்டுரையைத் திருத்தி எழுதினேன். லூயிஸ் கணவரின் மரணத்துக்காக மகிழவில்லை, தனக்குக் கிடைத்த நாட்களுக்காக மகிழ்ந்தாள் என்று எழுதினேன். மருத்துவர்கள் சொன்ன காரணம் ஏன் தவறு என்பதையும் விளக்கினேன். மாணவர்களே, கதையைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். படித்துவிட்டு, உங்கள் விளக்கத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்.