நாகபுரி ஆலையும் ஜாம்ஷெட்ஜி டாட்டாவும்

ஜாம்ஷெட்ஜி டாட்டா என்றதும் பலருக்கும் இரும்பாலையே நினைவுக்கு வரும். ஆனால் அவ்வாலையிலிருந்து முதல் உருக்கு வெளிவந்தது 1912ஆம் ஆண்டில். அவர் காலமாகி எட்டு ஆண்டுகளின் பின்னர். அவர் தம் கண்ணாற் கண்டு, குற்றங் குறை ஆராய்ந்து, திருத்தி நிலைநிறுத்தியவை பஞ்சாலைகள். மருதமுனையிலும் ஆரையம்பதியிலும் தறியோசை கேட்டுப் பழகிய நம் வாலிபர்களுக்கு அந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆந் தேதி, குஜராத்திலுள்ள நவசாரியில் ஒரு பார்சி குருமார் குடும்பத்தில் அவர் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் படிப்பை முடித்துத் தந்தையாரின் வியாபாரத்திற் சேர்ந்தார். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தால் ஏறியிருந்த பஞ்சின் விலை, 1865இல் யுத்தம் முடிந்ததும் சரிந்து விழுந்தது. அப்போது இங்கிலாந்தில் நின்ற அந்த இளைஞர் ஒளித்தோடவில்லை. கடன் கொடுத்தோரிடம் தாமே சென்று கணக்கை விரித்து வைத்தார். அவர்களோ அவரையே கடன் தீர்க்கும் பொறுப்பில் அமர்த்தினர்! தமக்குப் பாதகமான கணக்கையும் நேரே பார்க்கும் இக்குணம் பின்னாளில் ஆலையிலும் அவருக்குக் கைகொடுத்தது.

அக்காலத்துப் பஞ்சாலைகளிற் பெரும்பாலானவை பம்பாயில் இருந்தன. பஞ்சோ உள்நாட்டில் விளைந்தது. விளைந்த பஞ்சு பம்பாய்க்குப் போய், துணியாகி, மறுபடி உள்நாட்டுக்கே வருவானேன்? பஞ்சும் நிலக்கரியும் புகையிரதமும் அணித்தாயுள்ள நாகபுரியை அவர் தெரிந்தெடுத்தார். சதுப்பு நிலத்தை மண்ணிட்டு நிரப்பியதைக் கண்ட உள்ளூர் வட்டிக்காரர் ஒருவர், பொன்னைப் புதைக்கிறார் என்று நகைத்துப் பங்கு வாங்க மறுத்தாராம். மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்தார் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டதாகவும் சொல்வார்கள். 15 இலட்சம் ரூபா மூலதனத்துடன் எழுந்த எம்பிரஸ் ஆலை, ஏறக்குறைய 30,000 கதிர்களும் 450 தறிகளும் கொண்டு, 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி திறக்கப்பட்டது.

தொடக்கம் நன்றாக இல்லை. நூல் தரத்திற் குறைந்தது, அளவும் போதவில்லை. வேலையாட்களின் சோம்பல் என்று சொல்லித் தப்பிக்கொள்வது முதலாளிக்கு எளிது. டாட்டா அப்படிச் சொல்லவில்லை. விலை மலிவைப் பார்த்து வாங்கிய யந்திரங்களே குற்றமென்று கண்டார். வாங்கியவர் அவரேயல்லவா! கௌரவம் பாராது அவற்றை மாற்றத் தொடங்கினார். முகாமையாளராக அவர் அமர்த்திய பெசொன்ஜி மேத்தா புகையிரதச் சரக்குப் பகுதியிலிருந்து வந்தவர், நூற்பு அறியாதவர். அதுவும் நன்மையே என்பேன். சரக்கு எங்கே தேங்குகிறது என்று பார்ப்பது அவருக்குப் பழகிய தொழில்.

பழைய மியூல் யந்திரம் வெளியே ஓடும்போது இழையை முறுக்கும். திரும்பி வரும்போது அதைச் சுற்றும். ஒன்று நடக்கையில் மற்றது நிற்கும். ரிங் யந்திரத்திலோ முறுக்கலும் சுற்றலும் ஒருங்கே, ஓய்வின்றி நடைபெறும். லங்காஷயர் ஆலைக்காரரே அதை ஐயுற்று நோக்கிய 1883ஆம் ஆண்டில் டாட்டா அதைத் தருவித்துச் சோதித்தார். பலன் கண்டபின் தம் ஆலையைப் படிப்படியாக மாற்றினார். நாகபுரியின் வறண்ட காற்றில் இழை அறுந்துகொண்டே இருந்தது. அதற்காக ஆலைக்குள் காற்றை ஈரமாக்கும் கருவிகளைப் பொருத்தினார். தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்களும் வந்தன.

இவ்வளவு செய்தும், ஆட்கள் நாள்தோறும் ஒழுங்காக வராவிட்டால் கதிர்கள் சும்மா நிற்கும். அக்கால வழக்கம் தண்டமும் விலக்குதலும். டாட்டாவோ, அவர்கள் ஏன் நிலைத்து நிற்கவில்லை என்று யோசித்தார். பரிசளிப்பு நாட்களும் குடும்பத்தோடு கூடும் விளையாட்டு விழாக்களும் ஏற்பட்டன. 1886இல் ஓய்வூதிய நிதியும், 1895இல் விபத்து நட்டஈடும் வந்தன. சட்டம் கேளாத காலத்தில் தரப்பட்டவை இவை. தருமம் என்று மட்டும் இதனைச் சொல்லிவிட முடியாது. ஆலையின் நன்மையும் அதில் அடங்கியிருந்தது.

அதே 1886இல் பம்பாயை அடுத்த குர்லாவில் நொடித்துப்போன தரம்சி ஆலையைப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்கு வாங்கிச் சுவதேசி ஆலை எனப் பெயரிட்டார். வங்காளத்தில் அச்சொல் முழங்கியதோ 1905இல். இந்த ஆலை அவரை மிகவும் சோதித்துவிட்டது. யந்திரங்கள் பழசு, பழகிய ஆட்கள் இல்லை, பங்கின் விலை வீழ்ந்தது, அவருடைய பெயருக்கே பங்கம் நேரும் போலிருந்தது. தம் சொந்தப் பங்குகளை விற்றுப் பணமிட்டார். நாகபுரியில் தேர்ந்த ஆட்களை அழைத்து வந்தார். பழைய யந்திரங்களைக் கழற்றி எறிந்தார். ஆண்டுகள் சில சென்றபின் அவ்வாலையின் நூல் கீழைத்தேசத்துச் சந்தைகளில் விரும்பி வாங்கப்பட்டது.

1904ஆம் ஆண்டு மே 19ஆந் தேதி ஜெர்மனியிலுள்ள நௌஹைமில் அவர் காலமானார். எம்பிரஸ் ஆலை அவருக்குப் பின்னும் ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடி, 2002இல் மூடப்பட்டது. அந்நிலத்தில் இப்போது ஒரு பெரிய கடைத்தொகுதி நிற்கிறது.